ஏரிக்கரையும் அலுவலக மேசையும்: வாச்சாத்தி வன்கொடுமையும் அரசு நிருவாகத்தின் பொறுப்பும் (1992–2023)

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்துள்ள வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்த ஊழியர்கள் பழங்குடி மக்கள்மீது கூட்டாக வன்கொடுமை நிகழ்த்தினர். 2011இல் தருமபுரி முதன்மை மாவட்ட, அமர்வு நீதிமன்றம் உயிருடன் இருந்த குற்றம் சாட்டப்பட்டோர் 215 பேரையும் தண்டித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்ததோடு, களத்தில் இறங்காத உயரதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. இவ்வழக்கை அரசு நிருவாகத்தின் செயல்முறை வரலாறாகக் கருதி, குற்றப் பொறுப்பு களத்திலிருந்து அலுவலகத்துக்குச் செல்ல 31 ஆண்டுகள் ஆனது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடியினர், வனத்துறை, சந்தனமரம், சித்திரவதை ஆணையம், நிருவாகப் பொறுப்பு

முன்னுரை

வாச்சாத்தி வழக்கு பெரும்பாலும் மனித உரிமை மீறலாகவோ, பெண்கள் மீதான வன்முறையாகவோ, நீண்ட சட்டப் போராட்டத்தின் வெற்றியாகவோ பேசப்பட்டு வந்துள்ளது. இம்மூன்று பார்வைகளும் பொருத்தமானவையே. எனினும் குற்றம் சாட்டப்பட்டோரின் பட்டியல் வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. 269 பேர் கொண்ட அப்பட்டியலில் 155 பேர் வனத்துறையினர். 108 பேர் காவல்துறையினர். 6 பேர் வருவாய்த்துறையினர். தனித்தனி மேலதிகாரிகளும், தனித்தனிச் சட்ட அதிகாரங்களும், தனித்தனிப் பதிவேடுகளும் கொண்ட மூன்று துறையினர் ஒரே நாளில் ஒரே ஊரில் ஒன்றாகக் குற்றம் இழைத்தனர். ஒரு துறையின் அத்துமீறலை மற்றொரு துறை தடுக்கும் என்பதே துறைப் பிரிவினையின் அடிப்படை நம்பிக்கை. அந்நம்பிக்கை வாச்சாத்தியில் எவ்வாறு தகர்ந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது. இதற்கு விடை காண, இம்மாவட்டத்தின் நிருவாக வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கச்சேரியும் கிட்டியும்: காலனிய முன்வரலாறு

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பாராமகால் பகுதி, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடின் தலைமையில் இங்கு நிலவரி ஏற்பாடு செய்யப்பட்டது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கப் பயிற்சிக்களமாக இப்பகுதி அமைந்தது. ஒவ்வொரு உழவனையும் அரசு நேரடியாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் முறை அது. அதனை நடத்திச் செல்ல வட்டந்தோறும் தாசில்தாரும் அவர்தம் கச்சேரியும் தேவைப்பட்டனர். தாசில்தார் வரி வசூலிப்பவராக மட்டுமின்றி, காவல் அதிகாரமும் உடையவராக இருந்தார்.

இவ்விரு அதிகாரங்களும் ஒரே கையில் குவிந்ததன் விளைவை 1855இல் வெளியான சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய இவ்வாணையம், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் சித்திரவதை நடைமுறையில் இருந்ததை உறுதிப்படுத்தியது. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாளும் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. வரித்துறையிலிருந்து காவல்துறையைப் பிரிக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இவ்வறிக்கை வலுச் சேர்த்தது. 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம் மாகாணத்தில் தனிக் காவல்துறையை உருவாக்கியது.

இவ்வறிக்கையில் இரண்டு கூறுகள் பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, துறைகள் பிரிந்து ஒன்றையொன்று கண்காணித்தால் கொடுமை குறையும் என்னும் கருத்து. இரண்டாவது, பழி கீழ்நிலை இந்திய ஊழியர்மீது சுமத்தப்பட்டு, ஆங்கிலேய உயரதிகாரிகள் பெரிதும் விடுவிக்கப்பட்டமை. வரி இலக்கை வகுத்தவர் மேலே இருந்தார். கிட்டியைப் பிடித்தவர் கீழே இருந்தார். விசாரணை கிட்டியைப் பிடித்த கையோடு நின்றது. காலனியத் தொடக்ககாலத் தென்னிந்தியாவின் எழுத்தர் மரபை ஆராய்ந்த பவானி ராமன், கச்சேரியின் எழுத்து நடைமுறையும் வன்முறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதைச் சுட்டியுள்ளார். தாளில் பதிவாவதே உண்மை என்னும் நிலை உருவானபோது, அந்தப் பதிவைப் பெறுவதற்கான வற்புறுத்தலும் உடன் வளர்ந்தது.

சந்தனமரமும் மலைமக்களும்

துறைப் பிரிவினை காட்டுக்குள் வேறு வடிவில் சென்றது. 1856இல் கிளெகார்னின் பொறுப்பில் சென்னை மாகாண வனத்துறை தோன்றியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்கவும், மரம் வெட்டுதல், மேய்த்தல், விளைபொருள் எடுத்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கவும் வழிவகுத்தது. இச்சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயரில் இன்றும் தொடர்கிறது. சோதனையிடுதல், பறிமுதல் செய்தல், கைது செய்தல் ஆகிய காவல் அதிகாரங்கள் இதன்வழி வன அலுவலருக்குக் கிடைத்தன. காவல்துறையை வரித்துறையிலிருந்து பிரித்த அதே நூற்றாண்டில், காட்டின் வருவாயை ஈட்டும் துறையிடமே காட்டின் காவலும் ஒப்படைக்கப்பட்டது. 1855இன் பாடம் காட்டு எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது எனலாம்.

சந்தனமரம் இவ்வேற்பாட்டின் உச்சம். தம் பட்டா நிலத்தில் தானாக வளர்ந்த சந்தனமரத்தையும் உரிமையாளர் தம் விருப்பப்படி வெட்டி விற்க இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. வாச்சாத்தி மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டவர்கள். சிறு வேளாண்மை, ஆடுமாடு வளர்ப்பு, கூலி வேலை, காட்டுப் பொருள் சேகரிப்பு ஆகியவற்றால் வாழ்ந்தவர்கள். சந்தனக்கட்டைக் கடத்தலின் ஆதாயம் சென்றடைந்த இடம் மலையடிவாரக் குடிசைகள் அல்ல. ஆனால் தேடுதல் வேட்டை முதலில் வந்தடைந்த இடம் அக்குடிசைகளே.

காலச் சூழலும் கருதத்தக்கது. 1991 நவம்பரில் இந்திய வனப்பணி அலுவலர் பி. சீனிவாஸ் வீரப்பனால் கொல்லப்பட்டார். தமிழக, கருநாடக எல்லைக் காடுகளில் தேடுதல் நடவடிக்கைகள் தீவிரமடைந்தன. சந்தனக் கடத்தலை ஒடுக்குதல் என்னும் ஒற்றை இலக்கின்கீழ்த் துறைகள் ஒருங்கிணைந்து செயல்படுவது நிருவாகத் திறனாகப் போற்றப்பட்ட காலம் அது. வாச்சாத்தி வீரப்பன் தேடுதல் வேட்டையின் பகுதி அன்று. ஆயினும் அதே மனநிலையின் விளைவு.

1992 ஜூன் 20

அன்று சந்தனக்கட்டை தேடி ஊருக்குள் வந்த வனத்துறையினருக்கும் ஊர்மக்களுக்கும் இடையே தகராறு ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து மூன்று துறையினரும் அடங்கிய பெரும்படை ஊரைச் சூழ்ந்தது. ஆண்களில் பலர் மலைக்குள் தப்பியோடினர். எஞ்சியோர் ஊர் நடுவிலிருந்த ஆலமரத்தடிக்கு இழுத்துவரப்பட்டுத் தாக்கப்பட்டனர். அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 18 பெண்கள், சந்தனக்கட்டை பதுக்கிய இடத்தைக் காட்டுமாறு கூறி ஏரிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். அவர்களுள் சிறுமியரும் இருந்தனர். பின்னர்ப் பெண்கள் அரூர் வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கும் இழிவுக்கு ஆளாயினர்.

அடுத்து வந்த நாட்களில் ஊரே அழிக்கப்பட்டது. வீடுகள் இடிக்கப்பட்டன, தானியமும் பாத்திரங்களும் சிதைக்கப்பட்டன, ஆடு, மாடு, கோழிகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறு பயன்படுத்த இயலாதவாறு பாழாக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் சந்தனக்கட்டையைக் கண்டெடுப்பதற்குத் தேவையான செயல் அன்று. கிணற்றைப் பாழாக்குவது சோதனை ஆகாது. ஊரை வாழத் தகுதியற்றதாக்குவது. இச்செயல்கள் இரவின் மறைவில் முகமூடியணிந்து செய்யப்பட்டவை அல்ல என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அரசு ஊழியர்கள், அரசுப் பணியின் பெயரால், தம் மேலதிகாரிகளின் இருப்பில் செய்தவை அவை. தண்டிக்கப்பட்டோரில் இந்திய வனப்பணி அலுவலர்கள் நால்வரும் அடங்குவர்.

தாளில் தலைகீழான குற்றம்

வன்முறை ஓய்ந்தபின் அலுவலகப் பணி தொடங்கியது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேர் கைதிகளாக்கப்பட்டு நீதிமன்றக் காவலில் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். வன்கொடுமைக்கு உள்ளான பெண்களே வனக்குற்ற வழக்கின் எதிரிகளாயினர். இவ்வெண்ணிக்கையைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குழந்தைகளைக் கொண்ட ஒரு ‘கடத்தல் கும்பல்’, எழுத்துப்பூர்வமான நடைமுறைகள் வழியாகக் கைதிலிருந்து சிறைக்கதவு வரை தடையின்றிச் சென்றது. வழியில் எந்த அலுவலரின் பேனாவும் நிற்கவில்லை.

துறைகளின் கூட்டுச் செயல்பாடு இங்குத் தன் முழு விளைவைக் காட்டியது. இயல்பான சூழலில், வன ஊழியர் தாக்கினால் பாதிக்கப்பட்டவர் காவல்நிலையம் செல்லலாம். காவலர் தாக்கினால் வருவாய்க் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ முறையிடலாம். வாச்சாத்தி மக்களுக்கோ புகார் பெற வேண்டிய மூன்று வாயில்களும் குற்றம் இழைத்தோரின் வாயில்களாகவே இருந்தன. ஊழியர் ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சாட்சியாகவும் உடந்தையாகவும் ஆனதால், உள்ளிருந்து உண்மை வெளிவரும் வழி அடைபட்டது. 1859இல் பிரிக்கப்பட்ட அதிகாரங்கள் ஒரு மலையடிவார ஊரில் மீண்டும் ஒன்றாயின.

மறுப்பிலிருந்து விசாரணைக்கு

செய்தி வெளியே வந்தது நிருவாகத்தின் வழியாக அன்று. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் 1992 ஜூலையில் ஊருக்குச் சென்று மக்களைச் சந்தித்தனர். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். உச்ச நீதிமன்றம் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஊர்மக்களைக் கடத்தல்காரராகச் சித்திரித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பி. பாமதி ஊருக்கு நேரில் சென்று நடத்திய விசாரணை, மக்களின் கூற்றுக்கு முதல் அதிகாரப்பூர்வ ஆதரவாக அமைந்தது. அதே அரசு இயந்திரத்தின் வேறொரு கிளை, மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தபோதுதான் மக்களின் சொல் சாட்சியமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

1995 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 1996இல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதன்பின் தீர்ப்புக்கு மேலும் 15 ஆண்டுகள் ஆயின. இக்காலத் தாழ்ச்சி வெறும் நீதிமன்ற நெரிசலின் விளைவு எனக் கொள்ள இயலாது. குற்றம் சாட்டப்பட்டோர் பணியில் தொடர, பாதிக்கப்பட்டோர் கூலி இழந்து வாய்தாவுக்கு அலைந்தனர். தாமதத்தின் சுமை இரு தரப்பினர் மீதும் சமமாக விழவில்லை.

2011: களத்தில் நின்றவர்களின் பொறுப்பு

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட, அமர்வு நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு வழங்கினார். அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் வனத்துறையினர் 126 பேர். காவல்துறையினர் 84 பேர். வருவாய்த்துறையினர் 5 பேர். வனத்துறையைச் சேர்ந்த 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் (1989) பிரிவுகளும் தீர்ப்பில் இடம்பெற்றன.

ஒருவர்கூட விடுவிக்கப்படாத இத்தீர்ப்பு இந்திய நீதிமன்ற வரலாற்றில் அரியது. 1978ஆம் ஆண்டின் துக்காராம் வழக்கில், காவல்நிலையத்தில் வன்கொடுமைக்கு உள்ளான பழங்குடிச் சிறுமியின் உடலில் காயம் இல்லாமையை உச்ச நீதிமன்றம் இசைவாகக் கொண்டு காவலரை விடுவித்தது. அதற்கெதிராக எழுந்த போராட்டத்தால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டு, பொது ஊழியர் தம் பொறுப்பிலுள்ள பெண்ணுக்கு இழைக்கும் பாலியல் வன்கொடுமை தனிக் குற்றமாயிற்று. வாச்சாத்திப் பெண்களின் வாய்மொழிச் சாட்சியம் ஏற்கப்பட்டதை இத்தொடர்ச்சியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

எனினும் 2011 தீர்ப்பின் எல்லை களத்தின் எல்லையாகவே இருந்தது. ஊருக்கு வந்தவர், அடித்தவர், இடித்தவர், கைது செய்தவர் தண்டனை பெற்றனர். மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு, செய்தி அறிந்தும் செயல்படாதவரின் பொறுப்பு தீண்டப்படாமல் இருந்தது.

2023: அலுவலக மேசையின் பொறுப்பு

மேல்முறையீடுகளை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கு நேரில் சென்று இடங்களைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று, முந்தைய தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும், அப்பெண்களுக்கோ அவர்தம் குடும்பத்தினருக்கோ வேலைவாய்ப்பு அல்லது சுயதொழில் வாய்ப்பு ஏற்படுத்தவும் ஆணையிட்டார். உண்மையான கடத்தல்காரரையும் செல்வாக்குடையோரையும் காப்பாற்றவே அதிகாரிகள் அன்றைய அரசின் துணையோடு இந்நாடகத்தை நடத்தினர் என்னும் கருத்தையும் தீர்ப்பு முன்வைத்தது.

இத்தீர்ப்பின் வரலாற்றுச் சிறப்பு மற்றோர் ஆணையில் உள்ளது. நிகழ்வின்போது பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகிய மூவர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அரசு பணிக்கப்பட்டது. மூன்று துறைகளின் மாவட்டத் தலைமையும் முதன்முறையாக ஒரே வரியில் பொறுப்பாளிகளாகச் சுட்டப்பட்டன. செய்யாமையும் செயலே என்னும் கோட்பாடு இதில் அடங்கியுள்ளது.

இக்கோட்பாடு சட்டத்தில் புதிதன்று. 1989 சட்டத்தின் 4ஆம் பிரிவு, தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியரைத் தண்டிக்க முன்பே வழிசெய்திருந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், புகாரைப் பதிவு செய்தல், வாக்குமூலத்தைப் படித்துக்காட்டுதல் முதலிய கடமைகளை விரித்துரைத்தது. 2013ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம், பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலரைத் தண்டிக்கவும், இத்தகைய குற்றங்களில் பொது ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி வேண்டியதில்லை எனவும் வகைசெய்தது. வாச்சாத்தியில் நிகழ்ந்த புறக்கணிப்புகளோடு இப்பிரிவுகளை ஒப்பிட்டால், சட்டம் பின்னாளில் அடைக்க முயன்ற ஓட்டைகள் எவை என்பது விளங்கும்.

தீவிலிருந்து ஓர் ஒப்பீடு

பொறுப்பு கீழ்நிலையிலேயே நின்றுவிடும் போக்கு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1996 செப்டம்பரில், யாழ்ப்பாணப் பாடசாலை மாணவி ஒருவர் இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, பாலியல் வன்கொடுமைக்குப்பின் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். கொழும்பு மேல்நீதிமன்றம் 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டே ஆண்டுகளில் வந்த தீர்ப்பு அது. ஆனால் தண்டிக்கப்பட்டவருள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறியபோது, வழக்கின் திசை மேல்நோக்கித் திரும்ப வேண்டிய கட்டாயம் எழுந்தது. 1999 அகழ்வில் 15 உடல்கள் மீட்கப்பட்டன; எனினும் விசாரணை கட்டளை நிலையை எட்டித் தண்டனையில் முடியவில்லை. 2025இல் செம்மணி மீண்டும் அகழப்பட்டது. ஒரு வழக்கு விரைவாக முடிந்தும் பொறுப்பு மேலேறவில்லை. மற்றொன்று 31 ஆண்டுகள் நீண்டு, இறுதியில் மேலேறியது. ஆகவே காலத்தின் நீளம் மட்டும் நீதியின் அளவுகோல் ஆகாது. விசாரணை நிருவாகப் படிநிலையில் எதுவரை செல்கிறது என்பதும் அளவுகோலாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, வாச்சாத்தி நிருவாகம் செயலிழந்ததால் நிகழ்ந்தது அன்று; செயல்பட்டதால் நிகழ்ந்தது. படையைத் திரட்டுதல், கைது செய்தல், சிறைக்கு அனுப்புதல், மறுப்பு வெளியிடுதல் ஆகிய அனைத்தும் முறையான அலுவல்களாகவே நடந்தேறின. ஆகவே ‘ஒரு சிலரின் அத்துமீறல்’ என்னும் விளக்கம் 269 என்னும் எண்ணின்முன் நிற்காது.

இரண்டாவது, துறைப் பிரிவினை தன்னளவில் பாதுகாப்பு ஆகாது. 1855 அறிக்கை கண்ட மருந்து அதுவே. ஆனால் பிரிந்த துறைகள் ஒரே இலக்கின்கீழ் இணையும்போது, தடுப்பதற்கு எவரும் எஞ்சுவதில்லை. வாச்சாத்தியில் அத்தடுப்பு வெளியிலிருந்தே வந்தது: ஒரு மக்கள் அமைப்பு, ஒரு தேசிய ஆணையம், ஒரு மத்தியப் புலனாய்வு அமைப்பு, இறுதியில் நேரில் சென்று பார்த்த ஒரு நீதிபதி.

மூன்றாவது, 1855இல் விசாரணை கிட்டியைப் பிடித்த கையோடு நின்றது. 2011இல் ஏரிக்கரையில் நின்றவரைத் தண்டித்தது. 2023இல் அலுவலக மேசையைச் சுட்டியது. இவ்வேற்றம் தானாக நிகழவில்லை. சிறையிலிருந்து மீண்டு, இடிந்த வீட்டுக்குத் திரும்பி, இருபது ஆண்டுகளாகத் தம் சொல்லை மாற்றாமல் சாட்சியம் அளித்த பெண்களே அதற்குக் காரணம். அவர்களைக் குற்றவாளிகளாக எழுதிய அரசு ஆவணங்களை மட்டும் நம்பி எழுதப்படும் வட்டார வரலாறு, 1992இன் வாச்சாத்தியை ஒரு சந்தனக் கடத்தல் வழக்காகவே பதிவு செய்திருக்கும். தருமபுரியின் காட்டு நிருவாக வரலாற்றை எழுதுவோர், கோப்புகளோடு அப்பெண்களின் சாட்சியத்தையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டியதன் தேவை இதனால் புலனாகிறது.